கடவுச்சொல் பிழையா, கடிகாரம் பிழையா?

கணினியிலுள்ள மின்னஞ்சல் மென்பொருள் உள்ளே விட மறுத்தால் நம்மில் பலர் முதலில் செய்வது கடவுச்சொல்லை மாற்றுவது. அதுவும் சரிவராவிட்டால் கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. முதலாவது பெரும்பாலும் வீண்வேலை. இரண்டாவதால் சில வீடுகளில் பல வருடக் கடிதங்கள் இல்லாமற் போய்விடக்கூடும். தண்டர்பேர்ட் மென்பொருளை வைத்தே இதை விளக்குகிறேன். அது இலவசமானது, பழைய கணினியிலும் ஓடக்கூடியது.

முதலில் இணைய உலாவியைத் திறந்து, அதே முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போகப் பாருங்கள். அங்கே திறந்தால் கடவுச்சொல் சரி, சிக்கல் மென்பொருளின் பக்கம். அங்கேயும் திறக்காவிட்டால் மென்பொருளைத் தொடவே தேவையில்லை. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

தமிழில் கட்டுரை தட்டச்சுச் செய்யும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விசைப்பலகை தமிழிலேயே நின்றுவிடும். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் என்ன எழுத்து விழுகிறது என்று விளங்காது. நோட்பேடில் ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

உலாவியில் திறக்கிறது, மென்பொருளில் மட்டும் திறக்கவில்லை என்றால் அனுமதி கேட்கும் முறை பழையதாக இருக்கலாம். முன்பு மென்பொருள் நம் கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சேர்வருக்கு அனுப்பும். 2022 மே 30 முதல் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு இந்த முறையை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசொஃப்ட் தன் அவுட்லுக் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பர் 16 இல் நிறுத்தியது. இப்போது மென்பொருள் ஓர் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கும். நாம் அங்கே கடவுச்சொல்லைக் கொடுப்போம். மென்பொருளின் கைக்கு ஓர் அனுமதிச்சீட்டு மட்டுமே வரும். இதன் பெயர் ஓ-ஓத் 2. தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் சென்று, சேர்வர் செட்டிங்ஸ் பகுதியில் ஒதென்டிகேஷன் மெதட் என்பதை இதற்கு மாற்ற வேண்டும். சேமித்துவைத்த பழைய கடவுச்சொல்லையும் அழித்துவிடுங்கள். குக்கீகளுக்குத் தடை போட்டிருந்தால் உள்நுழைவுப் பக்கம் வேலைசெய்யாது.

கடிதம் வருகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்று சிலர் சொல்வார்கள். அனுப்பும் சேர்வருக்கு வேறாக ஓர் அமைப்பு உண்டு; அதையும் மாற்றினால் சரி.

இனி, என் சாச்சி வீட்டுக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாச்சா பல வருடமாகக் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய படங்கள், ஒப்பந்தப் பிரதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் கணினியின் அஞ்சலில்தான். "மகள், பாஸ்வேர்ட் பிழை போல, உள்ளுக்குப் போக ஏலாம இருக்கு. கணக்க அழிச்சிட்டுத் திரும்பப் போடச் சொல்றாங்க" என்றார் சாச்சி.

நான் சேர்வர் வகையைப் பார்த்தேன். பொப் என்றிருந்தது. ஐமெப் என்றிருந்தால் கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும், கணினியில் தெரிவது அவற்றின் பிரதிதான். பொப் அப்படியல்ல. சேர்வரில் பிரதி வைக்குமாறு சொல்லியிருக்காவிட்டால், கடிதத்தைக் கணினிக்கு இறக்கியதும் சேர்வரில் அழித்துவிடும். சாச்சி வீட்டில் பிரதி வைக்கும் பெட்டியில் சரி அடையாளம் இருக்கவில்லை. அதாவது சாச்சாவின் கடிதங்கள் உலகத்தில் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தன. கணக்கை நீக்கும்போது செய்திகளையும் நீக்கவா என்று கேட்கும் பெட்டியில் யாராவது ஒரு கிளிக் செய்திருந்தால் போதும், அவ்வளவும் போயிருக்கும்.

எனவே வேறெதற்கும் முன் பிரதி எடுத்தேன். ஹெல்ப் பகுதியில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் இருக்குமிடம் தெரியும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாகப் பென்ட்ரைவில் பிரதி செய்தேன்.

அதன் பிறகுதான் திரையில் வந்த ஆங்கில வாசகத்தை ஆறுதலாக வாசித்தேன். அதில் கடவுச்சொல் என்ற சொல்லே இல்லை. சேர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகவில்லை என்று இருந்தது. கணினியின் மூலையில் பார்த்தால் வருடம் 2009! மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிறிய பற்றரி செத்துப்போனால், மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் கடிகாரம் பின்னே போய்விடும். இன்றைய சான்றிதழ் அந்தத் திகதிக்கு "இன்னும் தொடங்காத" சான்றிதழ். மென்பொருள் மறுத்தது நியாயமே. (இப்படியான நேரத்தில் "விதிவிலக்கு அளி" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். உண்மையான போலிச் சேர்வர் வந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.) திகதியைத் திருத்தியதும் அஞ்சல் வந்தது. அடுத்த நாள் சீஆர் 2032 பற்றரி ஒன்று வாங்கிப் போட்டோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் மின்னஞ்சல் கணக்கை மீட்பதற்குக் கொடுத்த தொலைபேசி இலக்கம் எது என்று இன்றே பாருங்கள். பல வீடுகளில் அது வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவின் பழைய சிம் இலக்கம். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்ப நேரத்தில் மீட்புக் குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் போகும்.