டிவைடர் சொன்ன இடத்தில் நிற்கவில்லையா?

கேள்வி: ஜாவா ஸ்விங்கில் கடைக் கணக்கு மென்பொருள் எழுதி வருகிறேன். ஜேஸ்பிளிட்பேனில் இடப்பக்கம் வாடிக்கையாளர் பட்டியல், வலப்பக்கம் பில் விவரம். கன்ஸ்ட்ரக்டரிலேயே செட்டிவைடர்லொகேஷனுக்கு 0.3 கொடுத்தும், விண்டோ திறந்தால் டிவைடர் அங்கே நிற்பதில்லை. இடப்பக்கத்தை ஓரளவுக்கு மேல் சுருக்கவும் முடியவில்லை. பயன்படுத்துபவர் கடைசியாக நகர்த்தி வைத்த இடம் மறுநாளும் அப்படியே இருக்க என்ன செய்வது?

பதில்: 0.3 சரிதான், அதைச் சொன்ன நேரம்தான் சரியில்லை. அந்த மெத்தடுக்கு முழு எண் கொடுத்தால் பிக்சல் கணக்கு, தசம எண் கொடுத்தால் விகிதக் கணக்கு. விகிதத்தைப் பெருக்க ஓர் அகலம் வேண்டுமே! கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது பேனின் அகலம் பூஜ்யம். விண்டோவைத் திரையில் காட்டிய பிறகு, இன்வோக்லேட்டருக்குள் அந்த வரியைப் போடுங்கள்.

சுருங்க மறுப்பதற்குக் காரணம் குறைந்தபட்ச அளவு. டிவைடரை இழுக்கும்போது எந்தப் பக்கத்தையும் அதன் மினிமம்சைஸுக்குக் கீழே போக ஸ்விங் விடாது. பட்டியலுக்கு மேலே நீளமான தலைப்போடு ஒரு ஜேலேபிள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லேபிளின் குறைந்தபட்ச அகலம் அதன் எழுத்து முழுக்கத் தெரியும் அகலம், அதுதான் முட்டுக்கட்டை. இடப்பக்கப் பேனலுக்கு செட்மினிமம்சைஸில் அகலம் 120 பிக்சல் மாதிரி கொடுங்கள். பூஜ்யம் கொடுக்காதீர்கள். பட்டியல் முழுக்க மறைந்துவிட்டால், கல்லாவில் இருப்பவர் கணக்கே அழிந்துவிட்டதாகப் பதறிப்போவார்.

ரிசைஸ்வெயிட்டைத் தொட வேண்டாம். அதன் இயல்பு மதிப்பு 0. விண்டோவைப் பெரிதாக்கினால் கூடுதல் இடமெல்லாம் வலப்பக்கத்துக்கே போகும். பில்லுக்கு வேண்டியது அதுதான்.

சேமிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிக்சலாகச் சேமித்தால் பெரிய திரையில் வைத்த இடம் சின்ன லேப்டாப்பில் பொருந்தாது. அதனால் விகிதமாகச் சேமிக்கிறோம், சரி. ஆனால் எதால் வகுப்பது? ஸ்விங் உள்ளே பெருக்குவது முழு அகலத்தை அல்ல, அகலத்தில் டிவைடரின் தடிமனைக் கழித்து வரும் எண்ணை. அகலம் 1000, டிவைடர் 10, கோடு 300இல் இருக்கிறது என்று வையுங்கள். வெறும் 1000ஆல் வகுத்து 0.3 என்று சேமித்தால், அடுத்த முறை 990ஐ 0.3ஆல் பெருக்கி 297இல் நிற்கும். அதற்கடுத்த முறை 294. ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது கோடு இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். புகார் வரும்போது காரணம் லேசில் பிடிபடாது. 990ஆல் வகுங்கள்.

விண்டோ மூடும்போது அந்த விகிதத்தை ஜாவாவின் பிரிஃபரன்ஸஸில் எழுதி வையுங்கள். அடுத்த முறை திறக்கையில் அங்கே மதிப்பு இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் மட்டும் உங்கள் 0.3. பயன்படுத்துபவர் தன் கைக்கு வாகாக ஒதுக்கி வைத்த இடத்தை உங்கள் கோட் மாற்றிவிடக் கூடாது.