குளியலறைப் பாடம்: இறுகிப்போன பாத் டப் மறைப்பைக் கழற்றுவதும் மீண்டும் பூட்டுவதும்

இந்தப் பாடத்தை வாசித்து முடிக்கும்போது

- பாத் டப்பின் பக்க மறைப்பு எதனால் இறுகிப்போகிறது என்பதை அறிவீர்கள்.
- அதை உடைக்காமல் கழற்றவும், உள்ளே இருக்கும் ஒழுக்கைக் கண்டுபிடிக்கவும், மறுபடி சுலபமாகத் திறக்கக்கூடியதாகப் பூட்டவும் உங்களால் முடியும்.
- எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

ஏன் இந்தப் பாடம்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள வீட்டுக்கு நீங்கள் திரும்பியிருக்கிறீர்கள். அது 1983 ஜூலையில் பூட்டிவிட்டுப் போன வீடாக இருக்கலாம். பின்னொரு வருடம் சாவியை உறவினர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட தொடர்மாடி வீடாக இருக்கலாம். இப்போது முற்பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்த வீடாகவும் இருக்கலாம். எந்த வீடானாலும், வந்தவுடன் கூரையைப் பார்ப்போம், கதவு யன்னலைப் பார்ப்போம், மின்சாரம் வருகிறதா என்று பார்ப்போம். பாத் டப்பின் பக்கத்தை மூடியிருக்கும் மறைப்பை எவரும் பார்ப்பதில்லை.

மண்டபம், கொட்டப்பட்டு, கும்மிடிப்பூண்டி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாத் டப் என்பதே புதிது. பொதுக் குழாயில் வரிசையில் நின்று குடம் நிரப்பியவர்களுக்கு, சுவருக்குள்ளும் தொட்டிக்கு அடியிலும் ஓடும் குழாய்களைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பு இல்லை. தெரியாதது குறையல்ல. ஆனால் தெரியாமல் விட்டால் இப்படி நடக்கலாம்:

மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் குடியேறுகிறது. பல வருடங்கள் காய்ந்து கிடந்த ரப்பர் வளையங்கள் வெடித்திருக்கின்றன. தண்ணீரைத் திறந்த மூன்றாம் நாள், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அவருடைய சீலிங்கில் ஈரக்கறை. அக்கம்பக்கத்தாருடன் தொடங்கும் முதல் பேச்சே முறைப்பாடாகிவிடுகிறது. பதற்றத்தில் வீட்டுக்காரர் மறைப்பை ஆணிபிடுங்கியால் நெம்புகிறார். டைல்ஸ் உடைகிறது, தொட்டியின் விளிம்பும் வெடிக்கிறது. சில நூறு ரூபாய் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, மீள்குடியேற்றத்துக்கென்று வைத்திருந்த காசைத் தின்றுவிடுகிறது. வாடகை வீடென்றால் முற்பணத்திலும் கழிபடும்.

ஆகவே இந்தப் பாடத்தின் முதல் விதி: இறுகிய மறைப்பை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்கும் வரை பலத்தைக் காட்டாதீர்கள்.

மறைப்பின் பின்னால் என்ன இருக்கிறது?

தொட்டியின் கால்கள், கழிவுநீர்க் குழாய், அதன் வளைந்த பகுதி, நிரம்பி வழியாமல் தண்ணீரை இறக்கும் சிறு குழாய், சில வீடுகளில் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களும் அங்கே இருக்கும். அது இருட்டான இடம், காற்றுப் புகாத இடம். ஒழுகும் தண்ணீர் அங்கே தேங்கினால் நுளம்பு பெருகும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வளர 7 முதல் 10 நாட்கள் போதும். அதன் முட்டைகள் தண்ணீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் இடத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் வரை காத்திராமல் நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

விரல் மொழியால் மறைப்பைத் தட்டிப் பாருங்கள்.

*பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் மறைப்பு.* தட்டினால் மெல்லிய ஓசை வரும். மேல்விளிம்பு தொட்டியின் உதட்டுக்கு அடியில் செருகப்பட்டிருக்கும். கீழ்ப்பகுதி, தரையில் பதித்த மரச்சட்டத்தில் திருகாணியாலோ கிளிப்பாலோ பிடிக்கப்பட்டிருக்கும்.

*பலகை மறைப்பு.* பிளைவூட் பலகைக்குப் பெயின்ற் அடித்திருப்பார்கள், அல்லது மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஓசை கனமாக, ஆனால் உள்ளே வெறுமையாக இருப்பதுபோலக் கேட்கும்.

*கல்கட்டு.* கொழும்பில் அதிகம் காணப்படுவது இதுதான். செங்கல்லோ சீமெந்துக் கல்லோ கட்டி டைல்ஸ் பதித்திருப்பார்கள். முழுவதும் கழலாது. தண்ணீர் வெளியேறும் துளை இருக்கும் பக்கத்தில், ஒரு சதுர அளவு மட்டும் கதவுபோல விட்டிருப்பார்கள். அந்த இடத்தைத் தட்டினால் ஓசை மாறும். டைல்ஸ் இடைவெளியில் வெள்ளைச் சீமெந்துக்குப் பதிலாகச் சிலிக்கன் இருந்தால், கதவு அங்கேதான்.

பழைய வீடுகளில் சாம்பல் நிறமான, கடினமான தகடு வைத்திருந்தால் அது அஸ்பெஸ்டஸ் சீமெந்தாக இருக்கக்கூடும். அதை வெட்ட வேண்டாம், துளையிட வேண்டாம், உரஞ்ச வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அப்படியே விட்டுவிட்டு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கை வைக்குமுன்

1. வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தொடர்மாடியென்றால் முகாமைத்துவக் குழுவுக்கும் தெரிவியுங்கள். மறைப்பைத் தொடுமுன் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.
2. கீழ்வீட்டுக்காரரிடம் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். "குளியலறையில் வேலை செய்கிறோம், ஈரம் கண்டால் உடனே கூப்பிடுங்கள்" என்ற ஒரு வார்த்தை பெரிய சண்டையைத் தவிர்க்கும். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.
3. குளியலறைக்கும் கீசருக்கும் போகும் மின்சாரத்தைப் பிரதான பெட்டியில் நிறுத்துங்கள். எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஈரத் தரையில் நிற்கும்போது அது உயிரை எடுக்கும். வெளிச்சத்துக்கு டோர்ச் பாவியுங்கள்.
4. பிரதான வால்வைப் பூட்டிப் பாருங்கள். அது இறுகி இருந்தால் முதலில் அதைத் திருத்திய பின்னரே மற்ற வேலை.
5. தடித்த கையுறையும் மூடிய பாதணியும் அணியுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் மறைப்பின் பின்னால் எலி இருந்திருக்கலாம். எலிச் சிறுநீர் பட்ட தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். கையில் காயம் இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பின்னர் காய்ச்சல் கண்டால், இந்த வேலை செய்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கழற்றும் முறை

*படி 1: தேடுங்கள்.* திருகாணிகள் பெரும்பாலும் தரை ஓரத்திலும் இரு முனைகளிலும் இருக்கும். பெயின்ற், சீமெந்து, சிறு பிளாஸ்டிக் மூடி என்பவற்றின் அடியில் அவை மறைந்திருக்கும். காந்தம் ஒன்றைத் தடவிப் பார்த்தால் இரும்புத் திருகாணி அகப்படும்.

*படி 2: சிலிக்கனை வெட்டுங்கள்.* மறைப்பைச் சுற்றிச் சிலிக்கன் பூசியிருந்தால் கட்டர் பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து, தொட்டியில் கீறல் விழாமல், மேலும் கீழுமாக இரண்டு தடவை வெட்டுங்கள். மறைப்பு அசையாமல் நிற்பதற்குப் பல வீடுகளில் இது ஒன்றே காரணம்.

*படி 3: துருப்பிடித்த திருகாணி.* கடலோரக் காற்றில் உப்பு உண்டு. ரயில் பாதைக்குப் பக்கத்து வீதிகளில் இரும்புத் திருகாணி சில வருடங்களிலேயே துருவேறிவிடும். முதலில் திருகாணித் தலையில் உள்ள பெயின்றையும் துருவையும் சுரண்டுங்கள். துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். தலைக்குச் சரியான அளவுள்ள ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பிடித்து, முதலில் *இறுக்கும் பக்கமாக* மிகச் சிறிது திருப்புங்கள். துருவின் பிடி விடும். பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். தலை வழுக்கினால் இடையில் அகலமான ரப்பர் பாண்ட் துண்டை வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம், டைல்ஸ் வெடிக்கும்.

*படி 4: ஊறிய பலகை.* பிளைவூட் தண்ணீரில் ஊறினால் பருத்து இறுகும். குளியலறையை இரண்டு நாள் பாவிக்காமல் கதவு யன்னலைத் திறந்து உலரவிடுங்கள். அதன் பிறகு பல பலகைகள் தாமாகவே இளகும்.

*படி 5: எடுங்கள்.* எல்லாப் பிடிகளும் விட்ட பின், கூரில்லாத தட்டையான கரண்டிக் காம்பையோ சுரண்டியையோ கீழ்விளிம்பில் நுழைத்து, முனையிலிருந்து முனைக்குச் சிறிது சிறிதாக அசையுங்கள். *கீழ்ப்பகுதியை முதலில் வெளியே இழுத்து, பிறகு மறைப்பைக் கீழ்நோக்கி இறக்குங்கள்.* மேலே பிடித்து இழுத்தால் தொட்டியின் உதடு உடையும். டைல்ஸ் ஒட்டிய பலகை மிகுந்த பாரம். இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும்.

கல்கட்டில் கதவே விடாதிருந்தால் நீங்கள் உடைக்க வேண்டாம். மேசன் பாஸ் ஒருவரைக் கொண்டு, தண்ணீர் வெளியேறும் துளையின் பக்கத்தில், டைல்ஸ் இணைப்புகளின் வழியே ஏறத்தாழ ஓரடிச் சதுரம் வெட்டுவிப்பது போதும்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

உள்ளே கிடக்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, குப்பையை அகற்றி, தரையில் பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். பிறகு மூன்று சோதனைகள்:

- *முதலாவது:* பிரதான வால்வைத் திறந்து, வீட்டின் எல்லாக் குழாய்களையும் பூட்டி, இரவு நீர்மானியின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். காலையில், எவரும் தண்ணீர் பாவிக்குமுன் பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களில் எங்கோ ஒழுக்கு. கூரைத் தாங்கியில் மிதவை வால்வு ஒழுகினாலும் இலக்கம் மாறும், அதையும் பாருங்கள்.
- *இரண்டாவது:* தொட்டியில் தண்ணீர் விடாமல், வாளியால் நேரே கழிவுத் துளைக்குள் ஊற்றுங்கள். தாள் நனைந்தால் கழிவுக் குழாயின் இணைப்பில் பிழை.
- *மூன்றாவது:* துளையை அடைத்துத் தொட்டியைப் பாதி நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். இப்போது மட்டும் நனைந்தால் தொட்டிக்கும் கழிவுத் துளைக்கும் இடையிலுள்ள வளையம் பழுது.

ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு என்பது சிறிதாகத் தோன்றும். அது ஒரு நாளில் 4 லீற்றருக்கும் மேல், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 130 லீற்றர். அவ்வளவும் உங்கள் நீர்க் கட்டணத்திலோ கீழ்வீட்டின் சீலிங்கிலோ போய்ச் சேரும்.

ரப்பர் வளையம் மாற்றுவதானால் பழைய வளையத்தைக் கையோடு ஹார்ட்வெயார் கடைக்குக் கொண்டுபோங்கள். காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள கடைக்காரர்கள் பார்த்தவுடன் அளவு சொல்வார்கள். கையால் இறுக்கிய பின் கால் சுற்று மட்டும் மேலதிகமாக இறுக்குங்கள். அளவுக்கு மீறினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

மீண்டும் பூட்டுதல்

மறைப்பைப் பூட்ட அவசரப்படாதீர்கள். மூன்று நாள் திறந்தே வைத்து, ஒவ்வொரு நாளும் தாளை மாற்றிப் பாருங்கள். மூன்று நாளும் உலர்ந்திருந்தால் மட்டும் தொடருங்கள்.

- தரைச் சட்டம் உக்கியிருந்தால் மாற்றுங்கள். புதுப் பலகையென்றால் தண்ணீர் தாங்கும் பிளைவூட் கேட்டு வாங்கி, வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ற் அடியுங்கள். தண்ணீர் நுழைவது ஓரத்தால்தான்.
- பலகையின் உயரத்தை 5 மில்லிமீற்றர் குறைத்து வெட்டுங்கள். இறுக்கமாக வெட்டினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இறுகும்.
- பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி பாவியுங்கள். நாலு போதும். தலைகளைப் பெயின்றாலோ சீமெந்தாலோ மூட வேண்டாம்.
- மறைப்பைச் சுற்றிச் சிலிக்கன் பூச வேண்டாம். தொட்டியும் சுவரும் சேரும் இடத்தில்தான் அது தேவை. அங்கே பூசுமுன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்புங்கள். பாரத்தில் தொட்டி சற்று இறங்கும். இறங்கிய நிலையில் பூசினால் பிறகு பிரியாது. 24 மணி நேரம் காய்ந்த பின் தண்ணீரை விடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்?

உள்ளே மின்வயர் தெரிந்தால், மோட்டார் பூட்டிய தொட்டியென்றால், அஸ்பெஸ்டஸ் என்று சந்தேகம் வந்தால், குழாய் சுவருக்குள் ஒழுகினால், பிரதான வால்வு பூட்ட மறுத்தால் நிறுத்துங்கள். நீர்மானிக்கு வெளியே ஒழுக்கு என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு 1939 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். மின்சாரக் கோளாறுக்கு 1987. எவரையாவது மின் தாக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பிறகு 1990 அம்புலன்ஸ் சேவையைக் கூப்பிடுங்கள். பாஸ் ஒருவரை வேலைக்குப் பிடித்தால், கூலியையும் பொருள் செலவையும் தனித்தனியே பேசி, வேலை தொடங்குமுன் எழுதி வாங்குங்கள்.

மீட்டல்

வீட்டார் எல்லோரும் சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்.

1. எங்கள் வீட்டின் பிரதான வால்வு எங்கே? பிள்ளைகளுக்கும் தெரியுமா?
2. எங்கள் பாத் டப்பின் மறைப்பு எந்த வகை? திருகாணிகள் எங்கே?
3. கீழ்வீட்டுக்காரரின் பெயர் என்ன? அவருடைய தொலைபேசி இலக்கம் எங்களிடம் உண்டா?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், இன்று மாலையே படியிறங்கிப் போய்க் கேளுங்கள். ஈரக்கறை வருமுன் அறிமுகமாகிவிட்டால், நாளைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் அவர் முறைப்பாட்டோடு வரமாட்டார். உங்களுக்குச் சொல்லிவிடத்தான் வருவார்.