பௌதிகத் துறைக்கு எது பலம்?

கேள்வி: ஒரு சர்வகலாசாலையின் பௌதிகத் துறை கீர்த்தி பெறுவதற்குப் பெரும் பொருளும் விலையுயர்ந்த கருவிகளுந்தானே ஆதாரம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவை வேண்டியவையே, ஆயினும் அவற்றைப் பிரதானமாகக் கொள்வதற்கில்லை. துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் காலத்தில், 1952-இல், ஸி. வி. ராமனின் மாணாக்கரான ஜி. என். ராமச்சந்திரன் சென்னைச் சர்வகலாசாலைப் பௌதிகத் துறையின் தலைமையை ஏற்றபோது அவருக்குப் பிராயம் முப்பதைத் தாண்டவில்லை. எக்ஸ் கதிர்களால் படிகங்களின் அமைப்பை ஆராய்வதே தம் துறையின் விசேஷப் பணி என்று வரையறுத்துக்கொண்ட அவர், சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னாலின் பேச்சினால் தூண்டப்பெற்று, தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதியளிக்கும் கொலாஜென் என்னும் புரதத்தை எடுத்துக்கொண்டு, அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியையும் நாடி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அது மூன்று இழைகளால் ஆனதென்று 1954-இல் உலகுக்கு அறிவித்தார். இதனினும் மேலானது, ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் இளைஞர் இருவரோடு அவர் 1963-இல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் கணித ரீதியாகவே நிர்ணயித்த அவ்வரைபடம், புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகளைச் சோதிப்பதற்கு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

ஆகவே, உங்கள் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்புமுன், கட்டடத்தின் விஸ்தீரணத்தை விடுத்து, அங்கே யார் எதை ஆராய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.