பிள்ளையார் உண்டாரா?
(நம்பியாண்டார் நம்பி வரலாறு பற்றிய ஒரு சிந்தனை)

இளமையிற் கேட்ட கதை முதுமையிலும் மறவாது. கார்த்திகை மாதத்து விநாயக விரத காலத்தில், ஆச்சியின் மடியிற் கிடந்து யான் கேட்ட கதைகளுள் ஒன்று திருநாரையூர் நம்பியினது. பின்னர் அதனை வகுப்பிற் படிப்பிக்கும் பேறும் எனக்கு வாய்த்தது. கேட்ட நாளில் விளங்காத சில, படிப்பித்த நாளில் விளங்கின. படிப்பித்தபோதும் விளங்காத ஒன்றை ஒரு மாணவனின் வினா விளக்கிற்று. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

கதை பலரும் அறிந்ததே. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, காட்டுமன்னார்கோயிற் பக்கத்தில் உள்ளது திருநாரையூர். அங்குள்ள பிள்ளையார் பொள்ளாப் பிள்ளையார் எனப் பெயர் பெற்றவர். பொள்ளுதல் என்பது செதுக்குதல். உளி படாது தாமே தோன்றியவர் என்பது பொருள். அவருக்குப் பூசை செய்து வந்த ஆதிசைவ மறையவர் ஒருநாள் அயலூர் செல்ல நேர்ந்தது. பூசையைத் தம் சிறு மைந்தனாகிய நம்பியிடம் ஒப்புவித்துச் சென்றார். நம்பி முறைப்படி பூசித்துத் திருவமுதை முன்வைத்து, உண்டருளுமாறு வேண்டினான். பிள்ளையார் உண்டிலர். தான் ஏதோ பிழை செய்தான் போலும் என வருந்தி அழுத சிறுவன், தன் தலையைக் கல்லில் மோதத் தொடங்கினான். பிள்ளையார் அவனைத் தடுத்து, அமுது முழுவதையும் உண்டருளினார். பள்ளிக்கு நேரஞ் சென்றுவிட்டது, ஆசிரியர் தண்டிப்பார் என்று நம்பி அஞ்சவே, தாமே அவனுக்குப் பாடமும் ஓதுவித்தார்.

பல்லாண்டுகளுக்கு முன்னர் இக்கதையை யான் சொல்லி முடித்தபோது, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கல் சாப்பிடுமா?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. "அப்படியெல்லாம் கேட்கப்படாது, இரு" என்றேன். அவன் இருந்தான். அதன்பின் என் வகுப்பில் அவன் எதனையும் கேட்டிலன். அவன் வாயை அடைத்தது பக்தியன்று, எனது அறியாமையே என்பதை உணர எனக்கு நெடுநாட் சென்றது.

அவ்வினாவை மனத்திற்கொண்டு கதையை மீண்டும் ஓதுவோம். நம்பி அற்புதம் எதனையும் வேண்டினானல்லன். நாடோறும் தந்தையார் அமுது படைக்கின்றார். ஆதலின் நாடோறும் பிள்ளையார் உண்டிருக்க வேண்டும் என்பதே அவனது எண்ணம். உண்டால் அஃது இயல்பு. உண்ணாமையே அவனுக்கு வியப்பு. தந்தைக்குப் பூசை வழக்கமாயிற்று. மைந்தனுக்கு அது விருந்தோம்பலாய் இருந்தது. படைத்த பின்னர் நின்று முகம் பார்த்தவன் அவன் ஒருவனே. நம்பிக்கை என்பது செய்யுந் தொழிலை மெய்யென்று கொண்டு செய்தல். தலையை மோதியது நாம் பின்பற்றத்தக்கதன்று. முகம் பார்த்து நின்றது பின்பற்றத்தக்கது.

இனி, அற்புதம் எங்கே முடிகின்றது என்பதையும் நோக்குக. சிறுவன் பொன்னும் பொருளும் பெற்றானல்லன், பாடம் பெற்றான். வியப்பு கல்வியிற் போய் நிறைவெய்திற்று. வாய் பிளந்து நிற்பதோடு அமையும் வியப்பு அரை வியப்பு. மேலும் அறிய வேண்டும் என்று ஏடெடுக்கச் செய்வதே முழு வியப்பு.

குழந்தைகளுக்குக் கதை சொல்லுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். திருமுறைகண்ட புராணமோ மேலே செல்கின்றது. நம்பியின் புகழைக் கேட்ட சோழ மன்னன் வாழைக்கனியும் தேனும் அவலும் எள்ளுருண்டையுங் கொண்டு நாரையூர் வந்தான். அவனை முதலாம் இராசராசன் (985–1014) என்பர் பலர். மூவர் தேவாரம் இருக்குமிடத்தை அவன் அறிய விரும்ப, தில்லைக் கோயிலில் அடைபட்டுக் கிடப்பதைப் பிள்ளையார் அறிவித்தார். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தபோது, ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகங்கள் என்று சொல்லப்பட்டவற்றுள், எண்ணூறுக்குஞ் சற்றுக் குறைந்தனவே இன்று நம் கையில் உள்ளன.

இளமையில் தான் படைத்த அமுதைப் பிள்ளையார் உண்ணவில்லையே என்று அழுதவன், வளர்ந்தபின் தேவாரத்தைக் கறையான் உண்டிருக்கக் கண்டான். இம்முறை தலையை மோதினானல்லன். இக்காலத்துக்கு வேண்டுவன எஞ்சின என்று அசரீரி எழுந்ததாகப் புராணங் கூறும். ஆயினும் அழிந்த ஏடு ஒன்றேனும் மீண்டு வந்ததில்லை. நம்பி எஞ்சியவற்றை எடுத்தான், தொகுத்தான், முறைப்படுத்தினான். பண் அறியப்படாது போகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைத் தேடிக் கண்டு பண் வகுப்பித்தான். இளமை நம்பிக்கை அற்புதத்தைப் பெற்றது. முதிர்ந்த நம்பிக்கை அற்புதம் வாராதவிடத்தும் கைவேலையை விட்டதில்லை. இரண்டாவதே அரியது.

இவையெல்லாம் நிகழ்ந்தபடியே நிகழ்ந்தனவா என ஆராய்ச்சியாளர் வினவுவர். வினவுதல் தகும். இராசராசனுக்கு முன்னரே, பல்லவர் காலத்திலே கோயில்களில் திருப்பதியம் பாடப்பட்டதைத் திருவல்லக் கல்வெட்டுக் காட்டுகின்றது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்ததும் கல்வெட்டுச் செய்தியே. ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 1917 இல் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிற் கண்டெடுக்கப்பட்டது. கறையான் உண்ணாத ஏடாகக் கல் அதனைக் காத்து வைத்திருந்தது. அதனைக் கண்டவர்கள் சுவரின் முன் நின்று உற்று நோக்கியவர்கள். நம்பியும் கல்லின் முன் அவ்வாறே நின்றான். வினாவும் நம்பிக்கையும் பகையல்ல. இரண்டும் உற்று நோக்குதலின் மக்கள்.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இக்கதை தூரத்துக் கதையன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அழியும் ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நாளிலும் எரிந்தவை மீளவில்லை. எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்தவர்கள் இருந்தனர். அவர்கள் நம்பியின் வழிவந்தோர்.

இன்று அம்மாணவன் மீண்டும் எழுந்து வினவுவானாயின், அவனை இருத்தேன். "தம்பி, நல்ல கேள்வி. கல் உண்டதை யான் கண்டதில்லை. ஆனால் அந்தச் சிறுவன் படைத்துவிட்டுப் போகாமல் நின்று பார்த்தான். நீயும் நின்று பார்க்கிறாய். தொடர்ந்து பார்" என்பேன்.

பழைய மாணவராகிய அன்பர்களே, உங்கள் வீட்டுச் சிறார்க்கு இக்கதையைச் சொல்லுங்கள். பிள்ளையார் உண்டதோடு நிறுத்தாது, கறையான் உண்டதையுஞ் சொல்லுங்கள். அவர்கள் வினவினால் மகிழுங்கள்.