தர்மத்துக்கு வளர்ப்பவர்களைக் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: என் அக்காள் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாமா திருப்பூரில் கூலி வேலை பார்க்கிறார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், பதினோரு வயதுப் பெண்ணை ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லத்தில் சேர்த்துவிட்டார். போன மாதம் பார்க்கப் போனேன். விரலிடுக்கெல்லாம் சிரங்கு, ராத்திரி தூக்கமே இல்லை என்கிறாள். நான் வாங்கிக் கொடுத்த களிம்பை வார்டன் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாராம். யாருக்கு என்ன நோவு வந்தாலும் ஒரே மாத்திரைதானாம். முனகினால் ஸ்கேலால் அடியாம். நிர்வாகியிடம் கேட்டதற்கு, 'இலவசமாகச் சோறு போட்டுப் படிக்க வைக்கிறோம், பிடிக்காவிட்டால் கூட்டிப் போங்கள்' என்றார். புகார் கொடுத்தால் பிள்ளையின் படிப்பு கெடுமா? என் மேல் மானநஷ்ட வழக்குப் போடுவார்களா? நானே கூட்டி வந்து வளர்க்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது சிரங்கைப் பற்றிய சமாசாரம் அன்று, முறையாக மருந்திட்டால் அது ஆறிவிடும். நிர்வாகி சொன்ன அந்த ஒரு வாக்கியமும், அதற்கு மறுமொழி சொல்லத் தோன்றாமல் தாங்கள் திரும்பி வந்ததுமே வருத்தின. அன்னதானப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு குழம்பில் உப்பில்லை என்று சொல்லலாகாது என்பது நம்மவர் மரியாதை. ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளிக்குரிய அந்த மரியாதையை, இரவும் பகலும் ஓரிடத்தில் வளர்ந்து ஆளாக வேண்டிய குழந்தையின் விஷயத்தில் அநுசரிக்கும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பராமரிப்பு இலவசம் என்பதனால் பராமரிப்பவரின் கடமை அணுவளவும் குறைவதில்லை.

நாதியற்ற குழந்தைகளின் நலத்தைச் சர்க்கார் கவனிக்க வேண்டும் என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது 1920-இல் நம்முடைய சென்னை மாகாணந்தான். இன்று அமலில் இருப்பது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அதன் 41-வது பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை வைத்துக் காக்கும் எந்த இல்லமும், அரசாங்க மானியம் பெறினும் பெறாவிடினும், பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தவறினால் நடத்துபவருக்கு ஒரு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட ஒரு கடிதமே 2007-இல் ரிட் மனுவாக ஏற்கப்பட்டு, பத்து வருஷம் நடந்து, 2017 மே 5-ஆம் தேதித் தீர்ப்பில், நாட்டிலுள்ள அத்தகைய இல்லங்கள் அனைத்தையும் அவ்வருஷ முடிவுக்குள் பதிவு செய்து தீர வேண்டும் என்ற கட்டளையாக முடிந்தது. ஆகவே அந்த இல்லத்துக்குப் பதிவு உண்டா என்பதையும், அந்தப் பெண், இச்சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில் சேர்க்கப்பட்டாளா, அல்லது தகப்பனார் கையோடு கொண்டுபோய் விட்டதோடு சரியா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நோய் விஷயம். இத்தகைய இல்லங்களில் குழந்தை சேர்ந்தவுடன் மருத்துவப் பரிசோதனையும், பின்னர் மாதந்தோறும் பரிசோதனையும் நடந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே மருத்துவப் பதிவேடு இருக்க வேண்டும் என்பது விதி. சிரங்கு ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குத் தாவும் வியாதியாதலால், ஒருத்திக்குக் கண்டால் அந்த அறையில் படுப்பவர் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து தடவி, உடுப்பையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். அதைச் செய்யாததோடு, உறவினர் வாங்கிக் கொடுத்த களிம்பையும் பறித்து வைத்தது வெறும் அசட்டையாகாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு அடிப்பதை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. குழந்தைக்கு அநாவசியமான உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாகும் வகையில் வேண்டுமென்றே கவனியாது விடுவதையும் குற்றமென்கிறது. அதைச் செய்தவர் இல்லத்து ஊழியராகவோ நிர்வாகியாகவோ இருந்தால், ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஸ்கேலடிக்கு 82-வது பிரிவு தனியே இருக்கிறது. முதல் தடவைக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம், மறுபடியும் செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. முதல் அடிக்கு இந்தத் தண்டனை போதாது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அடுத்த முறை பெண்ணைப் பார்க்கும்போது, வேறு ஏதேனும் சங்கடம் உண்டா என்று ஒரு முறை மட்டும் இதமாகக் கேளுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குரிய போக்சோ சட்டத்துக்குட்பட்ட எதையாவது அவள் சொல்வாளாயின், துருவித் துருவி விசாரிப்பது தங்கள் வேலையன்று. உடனே போலீசுக்குத் தெரிவிப்பது தங்கள் சட்டக் கடமை. தெரிந்தும் சொல்லாதிருப்பதே அச்சட்டத்தில் குற்றம். நல்லெண்ணத்துடன் சொன்னவர்மீது எந்த நடவடிக்கையும் வராது.

மானநஷ்டத்தைப் பற்றிய பயமும் வேண்டாம். அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் செய்யும் புகார் அவதூறாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு விதிவிலக்குச் சொல்லுகிறது. ஆனால் பெண்ணின் கையைப் படம் பிடித்து, பெயரும் ஊரும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். பராமரிப்பிலுள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தண்டிக்கிறது. நியாயம் கேட்கப் புறப்பட்டவரே அந்தக் கண்ணியில் அகப்படுவதுண்டு.

தகப்பனார் சம்மதித்தால் தாங்கள் கூட்டி வரலாம். குழுவின் உத்தரவில் சேர்க்கப்பட்டவளானால் குழுவின் அநுமதி வேண்டும். உத்தரவு இல்லாவிட்டாலுங்கூடக் குழுவின் மூலமாகவே செய்வது உத்தமம். ஏனெனில் தாங்கள் தங்கள் பெண்ணை மட்டும் சத்தமின்றிக் கூட்டி வந்துவிட்டால், அதே பாயில் படுக்கும் மற்றப் பெண்களின் விரலிடுக்கை யாரும் பார்க்கப் போவதில்லை. குழுவுக்கோ மாதம் இரு முறையாவது இல்லங்களைப் பார்வையிடும் பொறுப்பு இருக்கிறது. மேலும், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு, வருமான வரம்புக்குட்பட்டு, மாதம் 4,000 ரூபாய் அளிக்கும் நிதி ஆதரவுத் திட்டம் ஒன்று உண்டு. தகப்பனார் இருக்கும் இந்தப் பெண்ணுக்கு அது பொருந்துமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துப் பாருங்கள். படிப்புக்கும் பங்கமில்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி, தங்கள் ஊர் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ அவளைச் சேர்க்க மறுக்க முடியாது.

குழு மாதத்தில் இருபது நாளாவது கூட வேண்டும் என்பது விதியாதலால், அதிகம் அலைய நேராது. பிறப்புச் சான்றிதழ், அக்காளின் இறப்புச் சான்றிதழ், மாமாவின் சம்மதக் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு, பார்த்தது இன்னது, கேட்டது இன்னது என்று பிரித்து ஒரு பக்கத்துக்கு மிகாமல் மனு எழுதுங்கள். இல்லத்தின் மருத்துவப் பதிவேட்டை வரவழைத்துப் பார்க்கும்படியும், பெண்ணை அரசு மருத்துவமனையில் காட்டும்படியும் அதில் கேளுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.