புழக்கடை மறைவும் உயிர்வேலியும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஊரை ஒட்டிய புன்செய்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, குடியானவர் வீடுகளின் பின்புறத்தில் மெத்தை வீடுகள் எழும்பி வருகின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பக்கத்தில் இதனை அதிகமாகக் காணலாம். புழக்கடை என்பது வீணே கிடக்கும் இடமன்று. ஸ்திரீகள் ஸ்நானம் செய்வதும், நெல் அவிப்பதும், பிள்ளை பெற்றவள் குழந்தையுடன் இளவெயில் காய்வதும், பசு கன்று ஈனுவதும் அங்கேதான். அதன்மேல் ஒரு மாடி ஜன்னல் திறந்துவிட்டால், வீட்டுப் பெண்கள் விடியற்காலம் நாலு மணிக்கே குளித்து முடிக்க வேண்டியதாகிறது.

ஜன்னலை அடைக்கச் சட்டமுண்டா என்று கிராம நிர்வாக அலுவலரை அநேகர் வினவுகின்றனர். 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவு, பிறர் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கலாகாதென்னும் ஊர்வழக்கத்தையே ஓர் உதாரணமாகக் காட்டுகிறது. அலகாபாத் ஹைகோர்ட்டு 1888-ல் இத்தகைய வழக்கத்தை ஒப்புக்கொண்டது. சென்னை ஹைகோர்ட்டோ 19-ஆம் நூற்றாண்டுத் தீர்ப்புகளில், ஜன்னல் திறப்பது மாத்திரம் வியாஜ்யத்துக்குரிய குற்றமாகாதென்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் தீர்மானித்திருந்தாலும், அதனை நம்பி அடுத்த வீட்டு ஜன்னல் அடைபடுமென்று காத்திருத்தல் விவேகமாகாது. மேலும், ஒரு ஜன்னல் இருபது வருஷம் தடையின்றி வெளிச்சம் பெற்றுவிட்டால், மேற்படி சட்டத்தின் 15-வது பிரிவுப்படி அவ்வெளிச்சமே ஓர் உரிமையாகக் கூடும். ஆகையால் மறைவு வேண்டுவோர் வீடு எழும்பும்போதே வேலி வைத்தல் நலம்.

மதிற்சுவர் எழுப்பலாமே என்பர். செம்மண்ணில் அது நிற்கும். கரிசல் மண்ணோ கோடையில் பிளந்து மழையில் உப்புவதால், ஆழ்ந்த அஸ்திவாரமில்லாத சுவர் வெடித்துப் போகிறது. மாடி ஜன்னலை மறைக்குமளவு உயர்ந்த சுவருக்கு ஆகும் செலவும் அதிகம்.

வேலிக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? இதை யோசியாமல் நடுகிறவர்களே அநேகர். தரையிலிருந்து 16 அடி உயரத்தில் ஒருவருடைய கண் மாடி ஜன்னலில் இருப்பதாகவும், அந்த ஜன்னல் வேலிக்கு அப்பால் 5 அடியில் இருப்பதாகவும் கொள்வோம். குளிக்குமிடம் வேலிக்கு இப்பால் 10 அடியிலிருந்தால், ஐந்தரை அடி ஆளை மறைக்கச் சுமார் பன்னிரண்டரை அடி வேலி வேண்டும். அதே குளிக்குமிடத்தை வேலிக்கு 3 அடி அருகே மாற்றினால் ஒன்பதரை அடி போதும். துவைகல்லை நகர்த்துவதால் மூன்றடி வளர்ச்சி மிச்சம். கணக்குப் போட விருப்பமில்லாதவர் வேலி வரும் கோட்டில் ஒரு மூங்கிற்கழியை நிறுத்தி, குளிக்குமிடத்தில் நின்று ஜன்னலின் மேல்விளிம்பை நோக்கி, பார்வை கழியை வெட்டுமிடத்தில் அடையாளமிட்டுக் கொள்ளலாம்.

நடுமுன் எல்லைக்கல்லைப் பார்க்க வேண்டும். 1923-ஆம் வருஷத்து சர்வே எல்லைச் சட்டப்படி நாட்டிய கற்களைப் புலப்படத்துடன் ஒத்துப் பார்த்து, கோட்டுக்கு இரண்டடி உள்ளே தள்ளி நடுக. கிளை அப்பால் நீண்டால் அயலார் தம் எல்லைவரை வெட்டிவிடலாம். அதற்காகச் சண்டையிடுவதில் பயனில்லை.

இப்பக்கத்திற்குப் பழகிய வேலி முட்கிளுவை. கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத முற்றிய போத்துகளை வெட்டி, வெட்டுவாய் உலரச் சில நாள் நிழலில் வைத்து, ஆனி ஆடியில் ஒரு முழ ஆழத்தில், அரையடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம். நீர் தேங்கினால் போத்து அழுகும். ஆனால் கிளுவைக்கு ஒரு குறையுண்டு. கோடையில் இலையுதிர்த்து வெறுங்குச்சியாய் நிற்கும். ஜனங்கள் புழக்கடையில் காற்று வாங்கும் காலமும் அதுவே. எனவே கிளுவை ஆட்டையும் மாட்டையும் தடுக்குமேயன்றி ஆட்களின் பார்வையைத் தடாது.

அதற்கு உட்புறம் இரண்டடி விட்டு நொச்சியை இரண்டடிக்கு ஒன்றாகவும், இடையிடையே ஆடாதோடையையும் மழைக்காலத் தொடக்கத்தில் போத்துகளாக நடுக. இரண்டையும் ஆடு தீண்டாது. குளியலறை நீரைச் சிறு வாய்க்காலில் விட்டால் வருஷ முழுவதும் பசுமையாயிருக்கும். நொச்சி 12 அடிக்குமேல் ஓங்கும். ஆடாதோடை அடிப்பாகத்தை நிரப்பும். சிமெண்டுத் தூசி படியுமிடங்களில் இலைகளை அவ்வப்போது நீரால் கழுவிவிட வேண்டும்.

சீக்கிரம் உயரவேண்டுமென்று நொச்சியை நேரே வளரவிடுதல் சாதாரணமாக நேரும் பிழை. முதல் வருஷத்தில் முழங்காலளவில் ஒருமுறையும், இடுப்பளவில் மற்றொருமுறையும் நுனி கிள்ளினால் அடியிலிருந்தே கிளைக்கும். இல்லாவிடில் மேலே தழையும் கீழே சந்தும் மிஞ்சும்.

சீமைக்கருவேலை வேலிக்கு வைக்கவே கூடாது. கால்நடைகள் காயைத் தின்று சாணத்தின் வழியே வயலெங்கும் பரப்பிவிடும். சப்பாத்திக்கள்ளியும் முன்னாளில் வேலியாக வந்ததே. அது தென்னாட்டில் புறம்போக்கெல்லாம் அடர்ந்து, 1926-ல் இலங்கையிலிருந்து ஒருவகைக் கள்ளிப்பூச்சியைக் கொணர்ந்துவிட்ட பிறகே அடங்கிற்று. திருகுகள்ளியின் பால் கண்ணிற் பட்டால் கொடிய வேதனை தருமாதலால், குழந்தைகள் விளையாடும் புழக்கடைக்கு ஏற்றதன்று. மூங்கிலைக் கிணற்றுக்கும் சுவருக்கும் அருகில் வையாதிருப்பது நலம்.

வேலி தலைக்குமேல் வளர இரண்டு மூன்று வருஷமாகலாம். அதுவரை பருத்தி எடுத்து முடிந்த மாரைப் படலாகப் பின்னி, அடையாளமிட்ட உயரத்திற்குக் கழிகளில் கட்டிக்கொள்ளலாம். பெரம்பலூர்க் கரிசற்காட்டில் பருத்திமாருக்குப் பஞ்சமில்லை. நொச்சி அந்த உயரத்தை எட்டியதும் படலைப் பிரித்து அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.