நமக்கே தெரியாம நம்ம பேர்ல ஒரு தீர்ப்பு

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒரு அண்ணன் இங்கிலாந்துல எம்.எஸ்சி. முடிச்சிட்டு கவென்ட்ரியில வேலை பார்க்கிறார். புது வீடு வாடகைக்குப் பார்க்கப் போனப்போ கிரெடிட் செக்கில் ஃபெயில். என்னன்னு தோண்டிப் பார்த்தா, ஏழு மாசம் முன்னாடி அவர் மேல ஒரு கோர்ட் தீர்ப்பு வந்திருக்கு. தொகை 255 பவுண்டு. எந்த கேஸ், யார் போட்டது, எதுவுமே அவருக்குத் தெரியாது. ஒரு சம்மன் கூட வரல. "டேய், நான் அந்த ஊர்ல கோர்ட் எங்க இருக்குன்னு கூட பார்த்ததில்லடா"ன்னு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்பினார்.

கடைசியில அது ஒரு பார்க்கிங் கேஸ். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பார்க்கிங்ல நேரத்துக்கு மேல கார் நின்னதுக்கு ஒரு தனியார் கம்பெனி போட்ட சார்ஜ். அவருக்காக ரெண்டு வாரம் நான் படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். நம்ம பேட்ச்ல யூகே அப்ளை பண்ணியிருக்கிற எல்லாரும் அங்க போய் முதல்ல செய்றது ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறது, அடுத்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீடு மாறுறது. இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்தப் பிரச்சினையே வருது. (நான் சொல்றது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கோர்ட் முறை வேற.)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். அங்க கவுன்சில் போடுற பார்க்கிங் அபராதத்துக்கும் பிசிஎன்னு பேர், தனியார் கம்பெனி அனுப்புறதுக்கும் பிசிஎன்னு பேர். முதலாவதில் பி என்பது பெனால்ட்டி. ரெண்டாவதில் பார்க்கிங். கவுன்சில் அனுப்புறது சட்டப்படியான அபராதம். கம்பெனி அனுப்புறது வெறும் பில். போர்டுல "ரெண்டு மணி நேரம் இலவசம், மீறினா இவ்வளவு"ன்னு எழுதியிருப்பாங்க, அதைப் பார்த்துட்டு காரை நிறுத்தினா ஒப்பந்தம் ஆயிடுச்சுன்னு கணக்கு. "தனியார்தானே, குப்பையில போடு"ன்னு சொல்ற அட்வைஸ் இன்னும் சுத்திட்டு இருக்கு. அது பழைய அட்வைஸ். 2015 நவம்பர்ல பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ் வழக்குல பிரிட்டன் உச்ச நீதிமன்றம், செம்ஸ்ஃபோர்ட்ல 56 நிமிஷம் கூடுதலா நின்ன காருக்கு 85 பவுண்டு கேட்டது செல்லும்னு சொல்லிடுச்சு. அதனால இந்த பில்லை வெச்சு கோர்ட்டுக்குப் போகலாம், போறாங்க.

எப்படிப் போறாங்கன்னு பாருங்க. வாசல்ல இருக்கிற கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். கம்பெனி டிவிஎல்ஏக்கு, அதாவது அந்த ஊர் ஆர்டிஓ மாதிரியான ஆபீஸுக்கு, 2.50 பவுண்டு கட்டி அந்த வண்டி யார் பேர்ல பதிவாகியிருக்கு, அட்ரஸ் என்னன்னு வாங்கும். இந்த அட்ரஸ் வி5சி என்கிற லாக் புக்கில இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கிறது இல்ல. அண்ணன் மாட்டினது இங்கதான். வீடு மாறினதும் லைசென்ஸ்ல அட்ரஸ் மாத்தினார், பேங்க்ல மாத்தினார். ரெண்டும் ஒரே ஆபீஸ்தானே, ஒண்ணு மாத்தினா இன்னொண்ணும் மாறிடும்னு நினைச்சு வி5சியை விட்டுட்டார். மாறாது. தனித்தனி ரெக்கார்ட்.

அப்புறம் எல்லாமே பழைய வீட்டுக்குப் போச்சு. முதல் நோட்டீஸ் 100 பவுண்டு. பதில் இல்லன்னதும் வசூல் செலவுன்னு 70 ஏறுச்சு. வழக்கு போடுறதுக்கு முன்னாடி 30 நாள் டைம் கொடுக்கிற லெட்டர். பிறகு கோர்ட்டின் க்ளெய்ம் ஃபாரம். கோர்ட் ஃபீஸ் 35, வக்கீல் செலவு 50. மொத்தம் 255.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். க்ளெய்ம் ஃபாரம் சர்வ் ஆன 14 நாளுக்குள்ள பதில் போடணும். "கிடைச்சுது, எதிர்க்கிறேன்"னு முதல்ல ஒரு அக்னாலெட்ஜ்மென்ட் கொடுத்தா 28 நாள். ரெண்டும் இல்லன்னா கம்பெனி "டீஃபால்ட் ஜட்ஜ்மென்ட் கொடுங்க"ன்னு கேக்கலாம், கோர்ட் கொடுத்துடும். இதை எந்த நீதிபதியும் உட்கார்ந்து படிக்கிறதில்ல. கார் நிஜமா நின்னுதா, போர்டு இருந்துதா, யாருமே கேக்கல. ஆபீஸ் லெவல்ல நடக்கிற வேலை. நம்ம பாஷையில சொன்னா டைம் அவுட். சர்வர் ரிக்வஸ்ட் அனுப்புச்சு, ரெஸ்பான்ஸ் வரல, டீஃபால்ட் வேல்யூ போட்டு ப்ரோக்ராம் அடுத்த லைனுக்குப் போயிடுச்சு. தீர்ப்புன்னா சுத்தியல் தட்டுற சீன் நமக்கு ஞாபகம் வரும். (இங்கிலாந்து நீதிபதிகள் சுத்தியலே வெச்சுக்கிறதில்ல, அது வேற கதை.)

இது புரிஞ்சாத்தான் அடுத்த ஸ்டெப் புரியும். அண்ணன் முதல்ல "அப்பீல் போடணுமா?"ன்னு கேட்டார். தேவையில்ல. அப்பீல்னா நீதிபதி எடுத்த முடிவு தப்புன்னு சொல்றது. இங்க யாரும் முடிவே எடுக்கல. "இந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிட்டு, என் தரப்பைக் கேளுங்க"ன்னு அதே கவுன்ட்டி கோர்ட்ல கேக்கிறதுக்குப் பேர் செட் அசைட். ஃபாரம் பேர் என்244.

ரெண்டு கேள்வி, கலந்துடாதீங்க

செட் அசைட் கேக்க சிவில் ப்ரொசீஜர் ரூல்ஸ்ல ரெண்டு வழி. விதி 13.2ல வந்தா கோர்ட் ரத்து பண்ணியே ஆகணும். 13.3ல வந்தா பண்ணலாம், பண்ணாமலும் இருக்கலாம்.

13.2 எப்போ? தீர்ப்பு தப்பா போட்டப்போ. உதாரணமா, க்ளெய்ம் ஃபாரம் முறைப்படி சர்வ் ஆகவே இல்லன்னா, 14 நாள் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கல. அப்போ டைம் அவுட்டும் கிடையாது. படிக்கும்போது "சூப்பர், நம்ம கேஸ் இதான்"னு எனக்கும் தோணுச்சு. ஆனா இங்கதான் பெரிய பள்ளம். "கைக்கு வரல" வேற, "சர்வ் ஆகல" வேற. விதி 6.9 படி, ஒருத்தர் கடைசியா வசிச்சதா தெரிஞ்ச முகவரிக்கு அனுப்பினா போதும். தபால்ல போட்டு ரெண்டாவது வேலைநாள் அது சர்வ் ஆனதா கணக்கு. நீங்க பிரிச்சுப் படிச்சீங்களான்னு கேள்வியே இல்ல. 2004ல ஆக்ரம் எதிர் ஆடம் வழக்குல அப்பீல் கோர்ட் இதை உறுதியா சொல்லிடுச்சு. நெட்வொர்க்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு ஒரே வரி: இது டிசிபி இல்ல, யுடிபி. அனுப்பினா அனுப்பினதுதான், ஏசிகே கேக்க மாட்டாங்க.

ஆனா 6.9லயே ஒரு கொக்கி இருக்கு. அந்த ஆள் இப்ப அங்க இல்லன்னு நம்பக் காரணம் இருந்தா, புது முகவரியைக் கண்டுபிடிக்க கம்பெனி நியாயமான முயற்சி எடுத்தே ஆகணும். பழைய வீட்டுல இருந்து ஒரு லெட்டர் "இந்த ஆள் இங்க இல்ல"ன்னு திரும்பிப் போயிருந்தா அது பலமான காரணம். வெறும் மௌனம் போதுமா? ஒரு வருஷமா எந்த லெட்டருக்கும் பதில் இல்லன்னா சந்தேகம் வந்திருக்கணும்னு வாதாடலாம். சில நீதிபதிகள் ஏத்துக்கிறாங்க, சிலர் "அட்ரஸை மாத்தாதது உன் தப்பு"ன்னு சொல்லிடுறாங்க. இந்த வாதம் ஜெயிச்சா இன்னொரு லாபம் உண்டு. க்ளெய்ம் ஃபாரமுக்கு இஷ்யூ ஆன நாள்ல இருந்து நாலு மாசம்தான் ஆயுசு. சரியா சர்வ் ஆகாம அது தாண்டிடுச்சுன்னா வழக்கையே தள்ளுபடி பண்ணக் கேக்கலாம்.

அதனால 13.2 மட்டும் நம்பிப் போகாம, ரெண்டாவது வழியையும் சேர்த்தே எழுதணும். 13.3 கேக்கிறது, வழக்கை எதிர்த்து ஜெயிக்க நிஜமான வாய்ப்பு இருக்கா, இல்ல வேற நல்ல காரணம் ஏதாவது இருக்கா. கூடவே, தீர்ப்பு தெரிஞ்சதும் சட்டுனு வந்தீங்களான்னும் பார்ப்பாங்க. இதுக்கு இத்தனை நாள்னு கணக்கு எழுதியில்ல. அதுதான் ஆபத்து. ஒரு வாரம் கோபத்துல போகும், ஒரு வாரம் எக்ஸாம்ல போகும், ஒரு மாசம் கழிச்சுப் போய் நின்னா "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" 2023ல அப்பீல் கோர்ட் இன்னும் கொஞ்சம் இறுக்கிடுச்சு: தவறு எவ்வளவு பெரிசு, ஏன் நடந்துச்சு, மொத்தச் சூழ்நிலை என்னங்கிற டென்ட்டன் சோதனை செட் அசைட் மனுவுக்கும் பொருந்தும்னு.

கவனிச்சீங்களா, "எனக்குத் தெரியாது"ங்கிறது தாமதத்துக்குக் காரணம். அது டிஃபென்ஸ் கிடையாது. தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அதை எழுதணும். அண்ணன் எழுதின முதல் டிராஃப்ட் முழுக்க "எனக்கு ஒரு லெட்டரும் வரல, மன உளைச்சல்"தான். ரெண்டு பக்கம். பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா வழக்கைப் பத்தி ஒரு வரி இல்ல.

அவருக்கு டிஃபென்ஸ் கிடைச்சது கம்பெனிகிட்ட இருந்தேதான். உங்களைப் பத்தி வெச்சிருக்கிற எல்லா டேட்டாவையும் கொடுன்னு டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி கேட்டா ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கணும். (அது வர்ற வரைக்கும் என்244ஐ நிறுத்தி வெக்காதீங்க.) போட்டோ, லெட்டர் எல்லாம் வந்துச்சு. அன்னிக்கு வண்டி ஓட்டினது இவர் இல்ல, ரூம்மேட். இங்க 2012 ப்ரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டம் ஷெட்யூல் 4 வருது. ஒப்பந்தம் ஓட்டினவரோடதான். வண்டி யார் பேர்ல இருக்கோ அவர்கிட்ட வசூலிக்கணும்னா கம்பெனி அந்தச் சட்டத்தோட நிபந்தனையை எல்லாம் பூர்த்தி பண்ணியிருக்கணும். கண்ணாடியில டிக்கெட் ஒட்டாம கேமராவில மட்டும் பிடிச்ச கேஸ்னா, நோட்டீஸ் 14 நாளுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கணும். போட்ட நாள் கணக்கில்ல, சேர்ந்த நாள் கணக்கு. மே 1 பார்க் பண்ணினா மே 15 கடைசி. லெட்டர்ல தேதி மே 14னு இருந்தா, ரெண்டாவது வேலைநாள்னு வெச்சாலும் 16க்கு முன்னாடி வராது. லேட். அண்ணன் நோட்டீஸ் தேதி, பார்க் பண்ணி 19வது நாள். ஓட்டினது யாருன்னு தனியார் கம்பெனிக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா தானே ஓட்டிட்டு "நான் இல்ல"ன்னு எழுதக் கூடாது. சாட்சி வாக்குமூலத்துக்குக் கீழ "இது உண்மை"ன்னு கையெழுத்து போடுறீங்க. அதுல பொய் சொன்னா கோர்ட் அவமதிப்பு.

இப்ப கணக்கு

என்244 ஃபீஸ் 2024 மே மாசத்துல 275ல இருந்து 303 பவுண்டு ஆயிடுச்சு. 255 பவுண்டு தீர்ப்பை எதிர்க்க 303 பவுண்டு! இதைக் கேட்டதும் அண்ணன், "கட்டித் தொலைச்சிடறேன்டா"ன்னார். தீர்ப்பு வந்து ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டியிருந்தா ரிஜிஸ்டர்ல இருந்தே எடுத்துடுவாங்க, அது நல்ல முடிவா இருந்திருக்கும். ஆனா தெரியாத தீர்ப்புக்கு அந்த ஒரு மாசமும் தெரியாமலே ஓடிடும். அதுக்கப்புறம் கட்டினா "செலுத்தப்பட்டது"ன்னு குறிப்பு மட்டும் வரும், பதிவு ஆறு வருஷம் அப்படியே நிக்கும். வாடகை வீடு, போன் கான்ட்ராக்ட், லோன் எல்லாத்துலயும் அது தலை நீட்டும். அதனால அந்த 303ஐ 255ஓட ஒப்பிடாதீங்க, ஆறு வருஷத்தோட ஒப்பிடுங்க. வருமானம் குறைவா இருக்கிற ஸ்டூடன்ட்னா ஹெல்ப் வித் ஃபீஸ்னு தள்ளுபடி கேக்கலாம், ஃபாரம் இஎக்ஸ்160. கம்பெனியே சம்மதிச்சா ஃபீஸ் குறைவு. ஆனா அவங்க சம்மதிக்க விலை கேப்பாங்க, கோர்ட்டும் கண்ணை மூடிட்டு ஒத்துக்கணும்னு இல்ல.

நடைமுறை சுருக்கமா: ரிஜிஸ்டர்ல கோர்ட் பேரும் கேஸ் நம்பரும்தான் இருக்கும், வழக்கு போட்டவர் பேர் இருக்காது. நம்பரை வெச்சு கோர்ட்டுக்கு போன் பண்ணிக் கேக்கணும். ஃபாரமோட வாக்குமூலம், நீங்க கேக்கிற உத்தரவின் மாதிரி வரைவு, பழைய வீட்டைக் காலி பண்ணினதுக்கும் புது வீட்டுக்கும் வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில் எல்லாம் வெக்கணும். வரைவு உத்தரவுல ஃபீஸை கம்பெனி திருப்பித் தரணும்னும் கேளுங்க. கேக்காம யாரும் தர மாட்டாங்க. கேஸ் உங்க ஊர் கோர்ட்டுக்கு மாறும், அதனால அலையத் தேவையில்ல.

அண்ணன் ஹியரிங் போன்லயே நடந்துச்சு, இருபது நிமிஷம். சர்வீஸ் வாதத்தை நீதிபதி ஏத்துக்கல, வி5சியை மாத்தாதது உங்க பொறுப்புன்னுட்டார். அதனால 303ம் அவர் தலையிலேயே. ஆனா 19வது நாள் நோட்டீஸைப் பார்த்துட்டு, எதிர்க்க நிஜமான வாய்ப்பு இருக்குன்னு 13.3ல தீர்ப்பை ரத்து பண்ணினார். ரத்துன்னா ஜெயிச்சதா அர்த்தமில்ல, கேஸ் இப்பதான் ஆரம்பிக்குது. டிஃபென்ஸ் ஃபைல் பண்ண 14 நாள் கொடுத்திருக்காங்க. நேத்து ராத்திரி ரெண்டாவது டிராஃப்ட் அனுப்பினார், இந்தத் தடவை ஒன்றரைப் பக்கம், மன உளைச்சல் ஒரு வரிதான். கீழே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்துச்சு: வி5சி முகவரி மாற்றம், ஆன்லைன், கட்டணம் பூஜ்யம்.